பித்தேற்றுவது இரும்பா, பிழைப்பா?

ஒருவர் தன் கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரும்புக் கை ஒன்றைப் பொருத்திக்கொண்டால், அவரிடமிருந்து எவ்வளவு மனிதம் குறையும்? 1990இல் அமெரிக்காவில் வெளியான ‘சைபர்பங்க் 2020’ என்ற விளையாட்டு நூல் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். விழுகிற எண்ணை, ஆட்டக்காரர் ஏற்று ஆடும் பாத்திரத்தின் மனித இருப்பிலிருந்து கழிக்க வேண்டும். கண்ணை மாற்றினாலும் கழிவு உண்டு. நரம்பை வேகப்படுத்தினாலும் கழிவு உண்டு. இப்படிக் கழித்துக்கொண்டே போய் இருப்பு தீர்ந்துவிட்டால், பாத்திரம் ஆட்டக்காரரின் கையைவிட்டுப் போய்விடும். எதிரே வருபவரையெல்லாம் கொல்லும் பித்தராக மாறி, ஆட்டத்தை நடத்துபவரின் வசம் சேர்ந்துவிடும்.

இந்தப் பித்துக்கு அந்தக் கற்பனை உலகம் வைத்த பெயர் சைபர்சைக்கோசிஸ். உடம்புக்குள் அளவுமீறி இயந்திரங்களை ஏற்றிக்கொள்வதால் வரும் மனநோய் என்பது அதன் வரையறை. மைக் பாண்ட்ஸ்மித் உருவாக்கி 1988 முதல் வளர்ந்துவரும் சைபர்பங்க் விளையாட்டு வரிசையில் பிறந்த நோய் இது. 2020 டிசம்பரில் போலந்து நிறுவனமான சிடி ப்ராஜெக்ட் ரெட் வெளியிட்ட ‘சைபர்பங்க் 2077’ கணினி விளையாட்டும், 2022 செப்டம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரும் அதை உலகம் முழுக்கக் கொண்டுசென்றன. கதைகளின் களம் நைட் சிட்டி என்ற நகரம். அங்கே அரசு பெயரளவில்தான் இருக்கிறது. ஆள்பவை அரசாக்கா, மிலிடெக் போன்ற பெருநிறுவனங்கள்.

இல்லாத நோயை எதற்காக எடைபோட வேண்டும்? கதைகளில் வரும் நோய்கள் கதைகளோடு நின்றுவிடுவதில்லை. மனநோயாளி என்றால் யார், செயற்கைக் கால் போட்டவர் என்றால் யார் என்று நம் பிள்ளைகளின் மனத்தில் பதியும் படங்களில் இவையும் சேர்கின்றன. எனவே இந்த நோயிடம் மூன்று கேள்விகள் கேட்க விரும்புகிறேன். மனித மனத்தைப் பற்றி அது சொல்வது நம்பத்தக்கதா? கதைக்குள் அது என்ன வேலை செய்கிறது? நடந்த கேட்டுக்கு அது யாரைப் பொறுப்பாக்குகிறது? முதல் இரண்டில் சறுக்கினாலும் ஒரு கற்பனை பிழைத்துக்கொள்ளலாம். மூன்றாவதில் சறுக்கினால் அதை மன்னிப்பது கடினம்.

கணக்கில் பிறந்த நோய்

அந்த நூலின் கணக்கை இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ‘எம்பதி’ என்றொரு பண்பு உண்டு. அதன் மதிப்பு 2 முதல் 10 வரை. அதைப் பத்தால் பெருக்கினால் வருவது ‘ஹியூமானிட்டி’, அதாவது மனித இருப்பு. கருவி ஏற ஏற இருப்பு கரையும். பத்துப் புள்ளி கரைந்தால் எம்பதியில் ஒன்று குறையும்.

விளையாட்டு வடிவமைப்பாளருக்கு இந்த விதி ஏன் தேவைப்பட்டது என்பது எளிதில் புரிகிறது. வலிமையைக் காசு கொடுத்து வாங்கலாம் என்றால் எல்லோரும் கொள்ளையடித்தாவது வாங்கிக் குவிப்பார்கள். காசுக்கு அப்பால் ஒரு விலை வேண்டும். அந்த விலையை மனிதத்திலிருந்தே பிடுங்கியது நல்ல நாடக உத்தி. ஒவ்வொரு முறை கருவி வாங்கும்போதும் ஆட்டக்காரர் ஒரு கணம் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தை உண்டாக்கியதற்காகப் பாண்ட்ஸ்மித்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் ஆட்டத்துக்குப் பொருந்தும் விதி, மனத்தைப் பற்றிய கொள்கையாக நிற்குமா? எம்பதிக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: கண்ணோட்டம். வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். பிறர்மேல் நம் கண் ஓடுவது, ஓடிய இடத்தில் மனம் இளகுவது என்பது அச்சொல்லின் பொருள். பழகப் பழக வளர்வது அது, பழகாவிட்டால் வற்றுவது. விளையாட்டு நூலோ அதைக் குதிருக்குள் கொட்டிவைத்த நெல்லாகப் பார்க்கிறது. அள்ள அள்ளக் குறைகிறது, தீர்ந்தால் பித்து. இந்தத் தர்க்கத்தின்படி, யாரிடம் பரிவு மிகுதியாக இருக்கிறதோ அவர்தான் அதிக ஆயுதங்களை உடம்பில் தாங்குவார். உலகத்திலேயே கனிந்த மனம் படைத்தவர்தான் மிகச் சிறந்த கொலைக்கருவியாக முடியும் என்ற விபரீத முடிவுக்கு விதி நம்மைக் கொண்டுபோய் விடுகிறது.

இதைவிடக் கடுமையான குறை ஒன்று உண்டு. விபத்தில் கையை இழந்து செயற்கைக் கை பொருத்திக்கொண்டவரும் இந்தக் கணக்கில் சிக்குகிறார். அவரும் முன்பைவிட மனிதம் குறைந்தவர் ஆகிறார். மாற்றுத்திறனாளிகள் காலங்காலமாகக் கேட்டுவரும் அவமதிப்பை விளையாட்டு விதியாக எழுதிவைத்தது போன்றது இது.

2020 நவம்பரில் வந்த ‘சைபர்பங்க் ரெட்’ பதிப்பு இந்தக் குறையைத் திருத்தியது. இழந்த உறுப்பை ஈடுசெய்ய மட்டும் பொருத்தப்படும் மருத்துவக் கருவியால் மனிதம் குறையாது என்று அது விதித்தது. தான் எழுதியதைத் தானே திருத்திக்கொள்ளும் படைப்பாளிக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தத் திருத்தம் அடித்தளத்தையே அசைத்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். தேவைக்காகப் பொருத்திய இரும்பு மனத்தைத் தொடாது, ஆயுதமாகப் பொருத்திய இரும்பு மனத்தைத் தின்னும் என்றால், பித்துக்குக் காரணம் இரும்பு இல்லை. அந்த இரும்பை ஒருவர் எதற்காக, யாருக்காக ஏற்றுக்கொண்டார் என்பதில்தான் காரணம் இருக்கிறது. நோயை உருவாக்கியவரின் நூலே இந்த வாக்குமூலத்தைத் தருகிறது. அதே பதிப்பில் காசு கொடுத்துச் சிகிச்சை பெற்று, இழந்த மனிதத்தில் ஒரு பகுதியை மீட்கவும் வழி இருக்கிறது. ஆக, யாருக்குப் பித்துப் பிடிக்கும் என்பதைப் பணப்பையும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

உடம்பு என்ன சொல்கிறது?

இனி நிஜ உலகத்துக்கு வருவோம். உறுப்பை இழந்தவருக்கு அந்த உறுப்பு இருப்பதுபோலவே தோன்றி, பலநேரம் வலிக்கவும் செய்யும் நிலைக்கு ‘ஃபேண்டம் லிம்ப்’ என்று 1871இல் பெயரிட்டார் அமெரிக்க மருத்துவர் சைலஸ் வெயர் மிட்சல். அந்த வலியைத் தணிக்க 1990களில் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கையாண்டார், தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி.எஸ்.ராமச்சந்திரன். இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினார். நோயாளிகள் சிலருக்கு, பல ஆண்டுகள் இறுகிக் கிடந்த இல்லாத விரல்கள் விரிந்தன. 1998இல் மாத்யூ பாட்வினிக், ஜொனாதன் கோஹன் இருவரும் செய்த இன்னொரு சோதனை புகழ்பெற்றது. ஒருவரின் கையை மறைத்துவிட்டு, கண்முன் ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே தாளத்தில் தூரிகையால் வருடினார்கள். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கையே தன் கை என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது.

இந்தச் சோதனைகள் காட்டுவது, மூளை தன் உடம்பின் எல்லையைப் பிடிவாதமாகக் காப்பதில்லை என்பதை. கொடுத்ததை அது ஏற்றுக்கொள்கிறது, இடம் ஒதுக்குகிறது, தனதாக்கிக்கொள்கிறது. செவித்திறன் இழந்தவர்களுக்கு உட்செவியில் மின்முனைகளைச் செலுத்திப் பொருத்தும் காக்ளியர் கருவிகள் உலகில் 10 லட்சத்துக்கும் மேல். நம் மாநிலத்திலும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எத்தனையோ குழந்தைகள் அதைப் பெற்று, முதன்முதலாக அம்மாவின் குரலைக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் குழந்தையின் தலையில் ஏறிய கருவி அதனிடமிருந்து மனிதத்தைக் கழித்ததா, கூட்டியதா? பதிலை எந்தத் தாயிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

மறுபக்கத்தையும் நேர்மையாக வைக்க வேண்டும். மூளைக்குள் செலுத்தும் கருவி மனத்தை மாற்றவே மாற்றாது என்று சொல்ல முடியாது. பார்க்கின்சன் நோய்க்கு மூளையின் ஆழத்தில் மின்முனை பதிக்கும் சிகிச்சையை 1987இல் பிரான்சின் கிரெனோபிளில் அலிம்-லூயி பெனாபிட் தொடங்கிவைத்தார். எண்ணற்றவர்களின் நடுக்கத்தை அது அடக்கியிருக்கிறது. சிலரிடம் அடங்காத உற்சாகத்தையும் கண்மூடித்தனமான செயல்களையும் தூண்டியும் இருக்கிறது. 2004இல் நெதர்லாந்து மருத்துவர்கள் பதிவு செய்த ஒரு நிகழ்வு மறக்க முடியாதது. 62 வயது நோயாளிக்குக் கருவி ஓடினால் நடமாட முடிகிறது, ஆனால் மனம் கட்டுமீறி வெறியாகிறது. நிறுத்தினால் மனம் தெளிகிறது, ஆனால் உடம்பு படுக்கையோடு முடங்குகிறது. மருத்துவர்கள் கருவியை நிறுத்தினார்கள். தெளிந்த மனத்தோடு இருக்கும்போது அவரிடமே கேட்டார்கள். கருவி ஓடட்டும், மனநல மருத்துவமனையில் இருந்துகொள்கிறேன் என்று அவர் தேர்ந்தெடுத்தார்.

இரும்பு மனத்தைத் தொடும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டாம். ஆனால் இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. இரும்பின் அளவு இங்கே பொருட்டில்லை. மூளையின் எந்தப் புள்ளியில் எவ்வளவு மின்சாரம் என்பதே பொருட்டு. நிறுத்தினால் மனம் திரும்பி வந்தது. பகடையில் தொலைத்த மனிதம்போல் அது போய்விடவில்லை. மூன்றாவது, அவரிடம் கேட்டார்கள். நைட் சிட்டியில் இல்லாத ஒன்று இதுதான்: கேட்கிற ஆள்.

கேட்கிற ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நிஜ உலகில் சான்று உண்டு. பார்வை இழந்தவர்களுக்கான ‘ஆர்கஸ் 2’ என்ற விழித்திரைக் கருவிக்கு 2013இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. உலகெங்கும் சுமார் 350 பேர் அதைப் பொருத்திக்கொண்டார்கள். 2019இல் அதைச் செய்த நிறுவனம் தயாரிப்பை நிறுத்தியது. 2022இல் ‘ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம்’ இதழ் அவர்களின் நிலையை வெளிக்கொணர்ந்தது. கண்ணுக்குள் கருவி இருக்கிறது. பழுதானால் பார்க்க ஆளில்லை. அந்த மனிதர்களுக்கு உண்டான கலக்கத்துக்கு உலோகம் காரணம் என்று யாராவது சொல்வார்களா?

உலோகம் உண்மையிலேயே பித்தேற்றிய கதை

ஆனால் உலோகம் மனிதரைப் பித்தாக்கிய நோய் ஒன்று வரலாற்றில் நிஜமாகவே உண்டு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொப்பி செய்தவர்கள், முயல் ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச நைட்ரேட்டைப் பயன்படுத்தினார்கள். காற்றோட்டம் இல்லாத பட்டறைகளில் பாதரச ஆவியை நாள் முழுக்கச் சுவாசித்தார்கள். கை நடுங்கியது. திடீர்க் கோபம் வந்தது. ஆட்களைக் கண்டால் கூச்சமும் அச்சமும் பிடித்துக்கொண்டன. மருத்துவம் இதை எரெதிசம் என்கிறது. தொப்பித் தொழிலுக்குப் பெயர்போன கனெக்டிகட் மாநிலத்து டான்பரி நகரில், ‘டான்பரி நடுக்கம்’ என்று அதற்கு ஊர்ப் பெயரே வந்துவிட்டது.

சைபர்சைக்கோசிஸுக்கு வரலாற்றில் நெருங்கிய உறவு இதுதான் என்பது என் கருத்து. உடம்புக்குள் உலோகம் போகிறது, மனம் கலைகிறது. ஆனால் தொப்பிக்காரர்கள் வலிமைக்கு ஆசைப்பட்டுப் பாதரசத்தைச் சுவாசிக்கவில்லை. கூலிக்கு வேலை செய்தார்கள். வேலை அவர்களின் நுரையீரலுக்குள் இறங்கியது. இதற்குச் சரியான பெயர் தொழில்நோய். நமக்கும் இது தொலைதூரச் செய்தி இல்லை. கொடைக்கானலில் பாதரச வெப்பமானி செய்த தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு எட்டப்பட்டது 2016இல். இடையில் 15 ஆண்டுகள்.

தொழில்நோய் என்று சொன்னதும் கேள்வி திசை மாறுகிறது. ‘இவர் ஏன் இப்படி ஆனார்?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இவருக்கு இந்த வேலையைக் கொடுத்தது யார்? காற்றோட்டம் ஏன் இல்லை? யார் ஈடு தருவது?’ என்று கேட்கத் தொடங்குகிறோம். நோய்க்குப் பெயர் வைப்பவரின் நலன் அந்தப் பெயரில் படிந்திருக்கும். 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், எஜமானரிடமிருந்து தப்பியோடும் கறுப்பின அடிமைகளுக்கு ‘டிரேப்டோமேனியா’ என்ற மனநோய் இருப்பதாக எழுதினார். சங்கிலி இயல்பாம், அதை அறுத்துக்கொண்டு ஓடுவது நோயாம். சைபர்சைக்கோசிஸ் என்ற பெயரையும் இந்த வெளிச்சத்தில் வைத்துத்தான் படைப்புகளை அளக்க வேண்டும்.

‘எட்ஜ்ரன்னர்ஸ்’: நோயைப் புரிந்துகொண்ட தொடர்

ஹிரோயுகி இமைஷி இயக்கிய இந்தப் பத்துப் பகுதித் தொடர் எனக்கு நெருக்கமானது. அதை உயர்வாக மதிப்பதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

தொடரின் தொடக்கத்திலேயே பித்துப் பிடித்த ஒருவர் காவலர்களைக் கொன்று குவிக்கிறார். கடைசியில் மேக்ஸ்டாக் என்ற சிறப்புப் படை அவரைச் சுட்டுக் கொல்கிறது. அவர் ஒரு முன்னாள் படைவீரர். இது தற்செயலான தேர்வு என்று நான் நினைக்கவில்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் மனக்காயத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவம் அதிகாரபூர்வப் பெயர் தந்தது 1980இல். அடுத்த எட்டே ஆண்டுகளில் பாண்ட்ஸ்மித்தின் முதல் சைபர்பங்க் விளையாட்டு வெளிவந்தது. ஆயுதமாக ஆக்கி அனுப்பிய மனிதரை, அனுப்பியவர்களே வேட்டையாடும் காட்சி அந்தக் காலத்தின் குற்றவுணர்விலிருந்து எழுந்தது என்றே வாசிக்கிறேன்.

கதாநாயகன் டேவிட் மார்ட்டினெஸ் ஏழை வீட்டுப் பையன். அம்மா குளோரியா அவசர மருத்துவ உதவிப் பணியாளர். மகனை அரசாக்காவின் கல்விக்கூடத்தில் படிக்கவைக்க இரவு பகலாக உழைக்கிறார். அந்தக் கோபுரத்தின் உச்சிக்கு மகன் ஏற வேண்டும் என்பது அவரது கனவு. தெருச் சண்டையில் சிக்கி அவர் காயமடைந்து கிடக்கும்போது, வந்திறங்கும் மீட்புக் குழு இவர்கள் சந்தாதாரர்கள் இல்லை என்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. அம்மா இறந்தபிறகு, இறந்த படைவீரரின் உடம்பிலிருந்து அவர் எடுத்து ஒளித்துவைத்திருந்த முதுகெலும்புக் கருவி டேவிட்டுக்குக் கிடைக்கிறது. கட்டணத்துக்காக விற்க வைத்திருந்த அந்தப் பொருளை அவன் தன் முதுகில் ஏற்றிக்கொள்கிறான்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். இரும்பு உடம்பில் ஏறுவதற்கு முன்பே கடன், சாவு, தனிமை எல்லாம் ஏறிவிட்டன. கருவி கடைசியாக வருகிறது. பிறகு அவன் சேரும் கூலிப்படையின் தலைவர் மெய்ன் நோயின் பிடிக்குள் வழுக்குவதைத் தொடர் பொறுமையாகக் காட்டுகிறது. கை நடுங்குகிறது, கண்முன் இல்லாதவை தோன்றுகின்றன, உடனிருப்போர் கவலைப்படுகிறார்கள். வேலையை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் அந்த நகரத்தில் அவருக்கு இடமில்லை. டான்பரியின் தொப்பிக்காரர்கள் என் நினைவுக்கு வந்தது இந்தக் காட்சிகளில்தான். மெய்னின் இரும்புக் கைகளையும் தலைமைப் பொறுப்பையும் டேவிட் வாங்கிக்கொள்கிறான். அவற்றோடு நடுக்கத்தையும் வாங்கிக்கொள்கிறான். அப்பன் செய்த தொழில் மகனுக்கு வருவதுபோல நோயும் வருகிறது.

முடிவில் நிறுவனத்தின் கணக்கு வெளிப்படுகிறது. அரசாக்காவுக்கு ஒரு சோதனைக் கவசம் இருக்கிறது. அதைத் தாங்கிப் பார்க்க ஓர் உடம்பு வேண்டும். டேவிட்டின் உடம்பு அதற்காகக் குறிவைக்கப்பட்டது. அம்மாவின் கனவுக் கோபுரத்துக்கு அவன் அந்த இரும்புக்குள் இருந்தபடிதான் போய்ச் சேர்கிறான். அங்கே அவனைக் கொல்பவன் ஆடம் ஸ்மாஷர். தலை முதல் கால் வரை ஏறக்குறைய முழுவதும் இயந்திரமான ஸ்மாஷருக்கு, விதிப்படி எப்போதோ பித்துப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் அவனை யாரும் நோயாளி என்று சொல்வதில்லை; மேக்ஸ்டாக் அவனைத் தேடி வருவதில்லை. அவன் நிறுவனத்துக்காகக் கொல்கிறான். 2013இல் வந்த ‘2077’ விளையாட்டின் முதல் முன்னோட்டமும் இதையே சொன்னது: கொலைவெறியோடு பிடிபட்ட பெண் கடைசியில் மேக்ஸ்டாக் சீருடையில் நிற்கிறாள். அதே இரும்பு, அதே கொலை. தன்னிச்சையாகக் கொன்றால் நோய், சம்பளத்துக்குக் கொன்றால் பணி. இந்த ஒரு முரணைக் காட்டியதிலேயே கற்பனை நோய் தன் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது.

தொடரிலும் குறை உண்டு. பித்துப் பிடித்தவர்களின் வன்முறையை அது அழகான நிறங்களில், துள்ளும் வேகத்தில் காட்டி மயக்குகிறது. நிஜ உலகில் மனநோயாளிகள் வன்முறை செய்வதைவிட வன்முறைக்கு ஆளாவதே அதிகம். அந்த உண்மைக்கு இந்தத் தொடரில் ஒரு காட்சிகூட இல்லை.

‘2077’: தொட்டும் தொடாமலும்

கணினி விளையாட்டில் ரெஜினா ஜோன்ஸ் என்ற முன்னாள் பத்திரிகையாளர் வருகிறார். நகரெங்கும் பித்துப் பிடித்த 17 பேரைக் கண்டுபிடிக்கச் சொல்லும் அவர், முடிந்தவரை கொல்லாமல் பிடித்துத் தரும்படி கேட்கிறார். அவர்களுக்குச் சிகிச்சை தர முடியும் என்பது அவர் நம்பிக்கை. ஒவ்வோர் இடத்திலும் கிடைக்கும் குறிப்புகளையும் கடிதங்களையும் படித்தால், கருவியோடு முடியாத காரணங்கள் எட்டிப்பார்க்கின்றன. இந்த ஏற்பாடு சிறப்பானது. பித்தர் என்று ஊர் ஒதுக்கியவருக்கும் ஒரு வரலாறு இருந்தது என்று ஆட்டக்காரருக்கு அது சொல்லித்தருகிறது.

ஆனால் விளையாட்டு தன் சொல்லுக்குத் தானே துரோகம் செய்கிறது. அந்த 17 பேரும் கடைசியில் வீழ்த்துவதற்கான எதிரிகள். அவர்களைப் படிப்பது ஆட்டக்காரரின் விருப்பம், அடிப்பதுதான் ஆட்டம். அதைவிட, ஆட்டக்காரரின் பாத்திரமான வி எத்தனை கருவிகளை ஏற்றினாலும் இந்த நோய் அண்டுவதில்லை. 2023 செப்டம்பரில் வந்த பெரிய திருத்தம் கருவிகளுக்கு உச்சவரம்பு வைத்தது. அதை மீறினால் உடல்நலப் புள்ளி குறையும், சண்டையில் வெறி ஏறும் என்று ஒரு திறனையும் சேர்த்தது. பித்து இங்கே சண்டைக்கு உதவும் ஊக்கமாகிவிட்டது. ஊருக்கெல்லாம் வரும் நோய் நாயகனுக்கு வராது என்றால், அந்த நோய் ஏழைகளுக்கு ஒட்டிய வெறும் அடையாளச் சீட்டு.

வியப்பு என்னவென்றால், இயந்திரம் மனத்தை மாற்றுவது எப்படி இருக்கும் என்பதை இதே விளையாட்டு இன்னொரு இடத்தில் ஆழமாகக் காட்டுகிறது. வியின் தலைக்குள் இருக்கும் ஒரு சில்லில் இறந்துபோன ஜானி சில்வர்ஹேண்ட் என்பவரின் நினைவுத்தொகுப்பு இருக்கிறது. அது வியின் மூளையை மெல்ல மெல்லத் தனதாக்குகிறது. ‘இந்த எண்ணம் என்னுடையதா, அவனுடையதா?’ என்ற கேள்வியோடு மணிக்கணக்கில் நாம் வாழ்கிறோம். 62 வயது டச்சு நோயாளியின் தவிப்புக்கு நெருக்கமாக வருவது இந்தக் கதைதான். சைபர்சைக்கோசிஸ் அதன் அருகில் நிற்க முடியாது.

எதிர்வாதங்கள்

இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கற்பனைக்கு மருத்துவ இலக்கணம் எதற்கு என்று கேட்கலாம். நியாயம். வலிமைப் பேராசை மனிதரை அழிக்கும் என்ற பழைய நீதிதான் இது. இரணியன் வரங்களை அடுக்கிக்கொண்டு அழிந்த கதையின் இரும்பு வடிவம் என்று படித்தால் போதாதா? போதாது என்பேன். இரணியன் அரசன். அவனுக்கு வரம் ஆடம்பரம், கேட்காமலும் இருந்திருக்கலாம். டேவிட்டும் மெய்னும் கூலிகள். கருவி இல்லாவிட்டால் அவர்களுக்கு அடுத்த வேளை இல்லை. அரசனுக்குச் சொன்ன நீதியைக் கூலிக்குச் சொன்னால் அது அநீதியாகிவிடும்.

தொழில்நோய் என்ற வாசிப்பு என் சொந்தத் திணிப்பு என்றும் சொல்லலாம். இந்த வகைக் கதைகளின் சிறந்த படைப்புகள் அப்படிச் சொல்ல விடவில்லை. மமோரு ஓஷி இயக்கிய 1995ஆம் ஆண்டின் ‘கோஸ்ட் இன் த ஷெல்’ படத்தில் மோட்டோகோ குசநாகியின் உடம்பு முழுவதும் இயந்திரம். அவருக்குப் பித்துப் பிடிப்பதில்லை. ஆனால் வேலையை விட்டால் உடம்பையே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற உண்மை அவரை அரிக்கிறது. உடம்பு யாருடையது என்பதுதான் அந்தப் படத்தின் கேள்வி; எவ்வளவு இரும்பு என்பதை அது கேட்கவே இல்லை.

தீர்ப்பு

எடை போட்டாயிற்று. மனத்தைப் பற்றிய கொள்கையாகச் சைபர்சைக்கோசிஸ் தோற்கிறது. இரும்பின் அளவுக்கும் மனிதத்தின் அளவுக்கும் தொடர்பில்லை. ‘ரெட்’ பதிப்பே அதை ஒப்புக்கொண்டுவிட்டது. ஆட்டவிதியாக அது பாதி வெற்றி: தயக்கத்தை உண்டாக்கியது, மாற்றுத்திறனாளிகளைக் காயப்படுத்தியது. ‘2077’ நல்ல கேள்வியைத் தொட்டு, பதில் தேடாமல் கைவிட்டது. ‘எட்ஜ்ரன்னர்ஸ்’ மட்டும், நோயை உடம்பிலிருந்து எடுத்து ஊரின் நடுவில் வைத்தது. பழி யாருடையது என்ற மூன்றாவது கேள்விக்கு நிமிர்ந்து பதில் சொன்ன படைப்பு அது ஒன்றுதான். அந்தத் தொடருக்காகவே இந்தக் கற்பனை நிலைக்கும்.

இனி இந்தக் கதைகளைப் பார்க்கும், விளையாடும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பித்தர் ஒருவர் திரையில் வெறிகொண்டு வரும்போது, அவர் உடம்பில் எத்தனை கருவிகள் என்று எண்ணாதீர்கள். அவற்றைப் பொருத்தச் சொன்னது யார், பழுதானபோது கைவிட்டது யார் என்று தேடுங்கள். செயற்கைக் காலோடும் காக்ளியர் கருவியோடும் நம் தெருவில் நடப்பவர்களை, மனம் கலங்கி நிற்பவர்களை, அந்தக் கதைகளின் அளவுகோலால் அளக்காதீர்கள்.

டான்பரியின் தொப்பிக்காரர்களுடைய நடுக்கம், அவர்களின் மனிதத்தை அளந்ததால் நிற்கவில்லை. பாதரசம் இல்லாமல் ரோமத்தைப் பதப்படுத்தும் வழி முன்பே தெரிந்திருந்தது. 1941இல்தான் அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் கைவிடப்பட்டது. அதன்பிறகும் தொப்பிகள் செய்யப்பட்டன.